சமனொளியும் சிவனொளியும்

மழைக்காலத்திலே காலி வீதியின் இரு மருங்கும் நீர் தேங்கி நிற்கும்போது, "பெயருக்கேற்ற ஊர்" என்று பகடி பேசாத மாணவர் வெள்ளவத்தையில் இலர். வெள்ளம் பாயும் வத்தை வெள்ளவத்தை என்பது அவர்கள் கண்ட பொருள். சிங்களம் அறிந்த ஒருவரைக் கேட்டால் வேறு சொல்வார். வெல்ல என்பது மணல். வத்த என்பது தோட்டம். மணற்றோட்டம் என்பதே ஊர்ப்பெயர். கடற்கரை ஊருக்கு அப்பெயர் மிகப் பொருத்தம். கொட்டாஞ்சேனைக்குச் சென்றாலும் இதே கதைதான். சேனை என்றவுடன் படை நினைவுக்கு வருகின்றது. ஆனால் இங்குச் சேனை என்பது படையன்று. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் புனமே சேனை. சிங்களத்து ஹேன என்பதும் அதுவே.

தமிழ்ச் செவிக்கு ஓர் இயல்பு உண்டு. பிறமொழிச் சொல் ஒன்று வந்து விழுந்தால் அது வாளா இருப்பதில்லை. தன் வீட்டுச் சொல் ஏதேனும் அதற்குள் ஒளிந்திருக்கின்றதா என்று தேடும், இருந்தாற் பற்றிக்கொள்ளும், இல்லாவிடிற் சற்றே தட்டி நிமிர்த்தித் தன் சொல்லாக்கிக் கொள்ளும். எல்லா மொழியாரும் செய்வதே இது. தெருப்பெயரில் நிகழ்ந்தால் வேடிக்கை என்று விட்டுவிடுகின்றோம். மலைப்பெயரில், அதுவும் இலட்சக்கணக்கான மக்கள் ஏறித் தொழும் மலையின் பெயரில் நிகழ்ந்தால், அது வேடிக்கையாய் முடிவதில்லை. வழக்காக மாறுகின்றது.

நான் கருதுவது சிவனொளிபாதமலையை. இலங்கையின் மலைகளுள் அது மிக உயர்ந்ததன்று. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகலைக்கே அப்பெருமை உரியது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஆயினும் பீதுருதலாகலை மலைக்கூட்டத்தினுள் ஒன்றாய் மறைந்து நிற்க, இதுவோ மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பிலே தனித்த கூம்பாய் எழுந்து நிற்கின்றது. மேற்கிலிருந்து கப்பலில் வந்தோர் கண்ணுக்கு இலங்கை என்பது முதலில் இம்மலையாகவே தோன்றியது. மழை ஓய்ந்த தை மாத விடியலில், கொழும்பின் உயர்ந்த மாடியொன்றில் ஏறி நின்றால் இன்றும் அக்கூம்பைக் காணலாம். எட்ட நின்று கண்டவர் எல்லோரும் பெயரிட்டனர். அதனாற் பெயர்கள் பல்கின. பாலி நூல்களிற் சுமனகூடம், சமந்தகூடம், சிங்களத்திற் சமனொள, சமனல, ஸ்ரீ பாத, அரபு நூல்களில் ரஹூன், தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வழக்கிற் பாவா ஆதம் மலை, போர்த்துக்கேயர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் ஆதாமின் சிகரம், தமிழிற் சிவனொளிபாதம்.

சென்ற ஆண்டு, வகுப்பு முடிந்த பின் மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவன். தகப்பனார் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து கடையொன்றிற் பணிபுரிபவர். "ஐயா, சிவனொளிபாதம் என்பது நாங்கள் வைத்த பெயரா, அவர்களிடமிருந்து எடுத்த பெயரா?" என்றான். நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனராம். ஒரு கட்சியார் மலை ஆதியிலே சிவன் மலை, பின்னரே பிறர் கைப்பட்டது என்றனராம். மறு கட்சியார் தமிழ்ப்பெயர் நேற்றுப் புனைந்த பெயர் என்றனராம். அவன் முகத்தைப் பார்த்தபோது இது தேர்வுக்கான வினா அன்று என்பது விளங்கிற்று. "எடுத்த பெயர் என்றால், என் அப்பாயி மலை ஏறிக் கும்பிட்டது பொய்யாகிவிடுமா?" என்பதையும் அவன் கேட்டுவிட்டான்.

இரு கட்சியாரும் பார்க்க மறந்த நூலொன்று நம் கையிலேயே இருக்கின்றது. 1898ஆம் ஆண்டிலே டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றித் தந்த மணிமேகலைதான் அது. அக்காப்பியத்தில் இம்மலை இரண்டிடங்களில் வருகின்றது. பாத்திரம் பெற்ற காதையில், மணிபல்லவத்திலே தீவதிலகை மணிமேகலைக்கு இரத்தினத் தீவத்து மலையுச்சியைப் பற்றிக் கூறுகின்றாள். பிறவிக் கடலைக் கடத்தும் மரக்கலமாக அறவோனின் அடியிணை அங்கே உளது என்பது செய்தி. ஆங்கு மலையின் பெயர் சமந்தம். பின்னர், கச்சிமாநகர் புக்க காதையிலே, இலங்காதீவத்து மலையை வலங்கொண்டு திரும்பும் தரும சாரணரைப் பற்றிய கதை வருகின்றது. ஆங்கு மலையின் பெயர் சமனொளி.

இந்த ஒரு சொல்லைக் கண்டபின் "தமிழ்ப்பெயர் நேற்றையது" என்று எவரும் கூற இயலாது. மணிமேகலையின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே பிணக்கு உண்டு. எவர் கணக்கை ஏற்பினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது அந்நூல். அவ்வளவு பழைய காலத்திலேயே இம்மலைக்குத் தமிழில் ஒரு பெயர் இருந்தது. அப்பெயரில் "ஒளி" என்னும் ஒலியும் இருந்தது. ஆனால் அதே சொல் முதற் கட்சியாரையும் வாய்மூடச் செய்கின்றது. ஏனெனில் ஆங்கே சிவன் இல்லை. சமன் இருக்கின்றான்.

புலவர் ஒரே மலைக்கு இரு பெயர் வழங்கியதன் காரணம் யாது? யாப்புக்கு இசைந்ததை எடுத்தார் என்று கூறிவிடலாம். எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. சமந்தம் ஏட்டுப்பெயர். பாலி கற்ற துறவியரின் சமந்தகூடத்தைத் தமிழோசைக்கு இயையச் சுருக்கிய வடிவம் அது. சமனொளி வாய்ப்பெயர்; மலைக்குச் சென்று மீண்டோர் கேட்டு வந்த பெயர். கூடம் என்றால் மலைமுடி. பாலியில் டகரம் நிற்கும் இடத்திற் சிங்களத்தில் ளகரம் வருவது இயல்பு. குடத்தைக் குறிக்கும் கட என்னும் பழஞ்சொல் இன்று சிங்களத்திற் களய என வழங்குவதைக் காண்க. அவ்வாறே கூட என்பதன் டகரமும் ளகரமாகி, முதலிலிருந்த ககரமும் தேய்ந்து, சமனொள என்றாயிற்று. அந்த "ஒள"வைக் கேட்ட தமிழ்ச் செவி அதனை "ஒளி" எனக் கேட்டது. வெள்ளவத்தையில் வெள்ளத்தைக் கேட்ட அதே செவிதான்.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. வெள்ளவத்தையின் வெள்ளம் பொருளற்ற தற்செயல். சமனொளியின் ஒளி அத்தகையதன்று. மலையேறிய எவரும் அதனை அறிவர். இரவெல்லாம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி, குளிரில் ஒடுங்கி உச்சியில் அமர்ந்திருப்போர் எதிர்பார்ப்பது ஒளியைத்தான். ஞாயிறு எழுகின்றது, மறுபுறம் திரும்பினால் மலையின் நிழல் முக்கோணமாய் மேகத்தின்மேல் நீண்டு கிடக்கின்றது. இறகில்லாத் தூண்போல் அசையாது நிற்கும் அந்நிழல் சிறிது சிறிதாகச் சுருங்கி மலையடியில் மறைகின்றது. மலைமுடி என்னும் வெற்றுப் பொருளுடைய ஒலித்துணுக்கிலே தமிழர் ஒளியைக் கண்டனர் எனின், செவி மட்டும் அதனைச் செய்யவில்லை, கண்ணும் உதவியது.

இனி, சமன் எவ்வாறு சிவன் ஆனான்? மகரமும் வகரமும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருதல் தமிழுக்குப் புதிதன்று. மிஞ்சு, விஞ்சு என்று இரண்டும் வழங்குகின்றோம். விழுங்குதலை முழுங்குதல் என்பார் எத்தனை பேர்! ஆயினும் ஒலிமாற்றம் மட்டும் ஒரு தெய்வத்தை மாற்றிவிடாது. அதற்கு வழிபாடும் வேண்டும். அதனைப் பின்னர்ப் பார்ப்போம். முன்னதாகச் சிவனொளிபாதம் என்னும் பெயரின் யாப்பை இலக்கணக் கண்கொண்டு நோக்குக.

சிவனுடைய திருவடி உள்ள மலைக்குத் தமிழன் தானாகப் பெயரிட்டிருந்தால் என்ன பெயர் இட்டிருப்பான்? சிவனடி என்பான், சிவபாதம் என்பான், திருவடிமலை என்பான். நடுவிலே "ஒளி" எதற்கு? சிவனது ஒளியாகிய பாதம் என்று விரித்தால் நாவுக்கு இடறுகின்றது. ஒளியையுடைய பாதம் என்று கொண்டால், ஒளிப்பாதம் எனப் பகரம் மிக்கிருத்தல் வேண்டும். மக்கள் வழக்கிலோ சிவனொளிபாதம் என மிகாமலே நிற்கின்றது. வடசொற்றொடரில் வல்லினம் மிகாமை உண்டே என்று ஒரு நண்பர் தடை எழுப்பினார். ஒளி வடசொல்லன்று என்பதே அவருக்கு விடை. எனவே ஒளியும் பாதமும் ஒரு காலத்திற் சேர்த்து உண்டாக்கிய தொடரல்ல. சிவனொளி என்பது முன்னமே ஒரு முழுப்பெயராய் நின்றது; ஸ்ரீ பாத என்னும் வழக்கை ஒட்டிப் பாதம் பின்னர் வந்து ஒட்டியது; மலை அதற்கும் பின்னர் வந்தது. பொருளோடு இயையாமல் நடுவில் நிற்கும் அந்த ஒளிதான் மணிமேகலைக் காலத்துச் சமனொளியின் எச்சம். வீட்டைப் புதுக்கியவர்கள் பழைய தூணொன்றை அகற்றாமல் விட்டது போல அது நிற்கின்றது.

சமன் யார் என்பது தனி ஆராய்ச்சி. மகாவமிசம் சுமனன் என்னும் தெய்வத்தை இம்மலைக்கு உரியவனாகக் கூறுகின்றது. புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு எழுந்தருளிக் களனிக்கு வந்தபின் இம்மலையில் அடிச்சுவடு பதித்தார் என்பதும் அந்நூற் செய்தி. பேராசிரியர் செனரத் பரணவிதான 1958இல் இம்மலைத் தெய்வத்தைப் பற்றித் தனிநூலே எழுதினார். சமன் என்பவன் ஆதியில் யமனே என்பது அவர் வாதம். அதனை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. தமிழ் கற்றவனுக்கோ அது எளிதில் தள்ளத்தக்கதாய்த் தோன்றாது. நம் நிகண்டுகளிற் சமன் என்பது யமன் பெயர்களுள் ஒன்று. யமன் தென்றிசைக்குக் காவலன். தெற்கே கடல் நடுவே எழுந்து நிற்கும் மலைக்கு அவனைத் தெய்வமாக்கினால் வியப்பில்லை. இக்காலத்து மேடைப் பேச்சாளர் சிலர் சமன் என்றாற் சமத்துவம், எல்லாச் சமயத்துக்கும் சமமான மலை என்று பொருள் விரிக்கின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது, சொல்லாராய்ச்சி ஆகாது.

பரணவிதானவின் கருத்தை வெள்ளவத்தையில் எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒருமுறை எடுத்துக் கூறியபோது முதிய அன்பர் ஒருவர் எழுந்தார். "இதில் என்ன ஐயம்? மார்க்கண்டேயருக்காகச் சமனைக் காலால் உதைத்தவர் சிவன். உதைத்த இடத்திலே பாதம் பதிந்தது. சமனொளி சிவனொளியாயிற்று" என்றார். அவை சிரித்து அடங்கச் சிறிது நேரமாயிற்று. நகைச்சுவைதான். ஆனாற் பெயர்கள் எவ்வாறு கதைகளை ஈனுகின்றன என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. திருக்கடவூரில் நிகழ்ந்ததாக நம் முன்னோர் கூறிய கதை, ஓரெழுத்து மாறியமையாற் கடல் கடந்து ஒரு மலையுச்சியில் வந்து அமர எத்துணை எளிதாக இருந்தது!

சிங்களச் சொல்லிலும் இவ்வாறு ஒரு கதை உண்டு. சமனலய என்றாற் வண்ணத்துப்பூச்சி. யாத்திரைப் பருவத்திலே வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாக மலையை நோக்கிப் பறந்து செல்வதைக் காணலாம். அவையும் அடிச்சுவட்டைத் தொழச் செல்கின்றன என்பது மக்கள் நம்பிக்கை. பூச்சியால் மலை பெயர் பெற்றதா, மலையாற் பூச்சி பெயர் பெற்றதா என்பாருக்கு, மலைப்பெயரே பழையது என்று பாலிநூல் கொண்டு விடை கூறலாம். மலையடியிலுள்ள சீதகங்குல என்னும் நீரோடையின் பெயருக்குக் குளிர்ந்த ஆறு என்பதே பொருள். அதிற் சீதாப்பிராட்டியைக் காண்போரும் உளர். அங்கே நீராடியவர்களுக்கு முதற்பொருளில் ஐயம் எழாது!

வழிபாட்டுக்கு வருவோம். தேவார முதலிகள் ஈழத்துத் தலங்களாகப் பாடியவை திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையுமே. இம்மலைக்குப் பதிகம் இல்லை. ஏழாம் நூற்றாண்டளவில் இம்மலை சிவத்தலமாகத் தமிழகத்தில் அறியப்பட்டிருந்தாற் சம்பந்தர் ஒரு பாட்டிலேனும் நினைந்திருக்கமாட்டாரா என்று எண்ண இடமுண்டு. மௌனத்தை முழுச் சான்றாகக் கொள்ளல் தகாது. ஆயினும் மணிமேகலையோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த மௌனமும் பேசுகின்றது. பௌத்த மன்னர் செய்தவையோ கல்லிலேயே உள்ளன. முதலாம் விசயபாகு (1055–1110) யாத்திரிகரின் உணவுக்காக ஊர்களை விட்ட செய்தியை அம்பகமுவக் கல்வெட்டுக் கூறுகின்றது. நிசங்கமல்லன் (1187–1196) மலையேறித் தொழுததை உச்சிக்கு அண்மையிலுள்ள குகைக் கல்வெட்டிற் பொறித்து வைத்தான்.

இந்துக்கள் மலையேறியமைக்குரிய மிகத் தெளிவான பழஞ்சான்றை நமக்கு அளித்தவர் ஒரு முஸ்லிம் பயணி. 1344இல் இபின் பதூதா காற்றால் அலைக்கழிக்கப்பட்டுப் புத்தளக் கரையை அடைந்தார். அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீகம் அறிந்த மன்னன் அவன். முத்துக்களைக் காட்டி உரையாடிய பின், வேண்டுவது யாது என்று வினவினான். ஆதம் நபியின் திருவடியைக் காண்பதொன்றே வேண்டும் என்றார் பயணி. மன்னன் சிவிகை அளித்தான். துணைக்கு ஆள் அனுப்பினான். யார் யாரை? ஆண்டுதோறும் அத்திருவடிக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்திற் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர்.

அந்த வாக்கியத்தைப் படிக்குந்தோறும் நான் சிறிது நின்றுவிடுவேன். ஆண்டுதோறும் செல்லும் யோகியர்! தமிழ் மன்னன் ஒருவனின் அவையில், மலைவழி நன்கறிந்த இந்துத் துறவியர் இருந்தனர். அவர்களை வழிகாட்டிகளாக்கி ஒரு முஸ்லிமை ஆதமின் அடியைக் காண அனுப்பினான் மன்னன். "அது ஆதமின் அடியன்று" என்று அவனும் கூறவில்லை, யோகியரும் கூறவில்லை. சென்ற பயணி மலையேறும் இரு வழிகளையும், பற்றி ஏறும் இரும்புச் சங்கிலிகளையும், பதினொரு சாண் நீளமுள்ள அடிச்சுவட்டையும் எழுதி வைத்தார். பெருவிரற் பகுதியை முற்காலத்திற் சீனர் வெட்டியெடுத்துத் தம் நாட்டுக் கோயிலில் வைத்துக்கொண்டனர் என்றும் எழுதினார். பெயரை மட்டுமா, பாதத்தையே பங்கு கேட்டிருக்கின்றனர்!

பின்னர்ச் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவம் சார்ந்தான். தந்தையைக் கொன்ற பழிக்குக் கழுவாய் இல்லை எனப் பிக்குகள் கூறியமையால் அவன் சினந்து சைவரை நாடினான் என்பது சூளவமிசம் கூறும் காரணம். மலைக்கு வரும் வருவாயைச் சைவத் துறவியரிடம் ஒப்புவித்தான். கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்திலேயே அது மீண்டும் பிக்குகளிடம் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் சிவன் பெயர் அம்மலையில் வேரூன்றியிருத்தல் இயல்பே. சமன் சிவனாவதற்கு மகர வகரப் போலி வாயிலைத் திறந்தது. யோகியரின் நூற்றாண்டுக் கணக்கான கால்நடையே உள்ளே அழைத்துச் சென்றது. ஆகையால் அப்பெயரைப் பிழைபடக் கேட்ட பெயர் என்று மட்டும் கூறி ஒதுக்குவோர் பாதி உண்மையே கூறுகின்றனர்.

மலைப்பெயருக்கு மல்லாடுதல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென்னமெரிக்காவின் அந்தீசுத் தொடரில், ஆர்ஜென்டினா நாட்டிலே, 6,961 மீற்றர் உயரமுள்ள அக்கொங்காகுவா என்னும் மலை உண்டு. ஆசியாவுக்கு வெளியே அதனினும் உயர்ந்த மலை இல்லை. அப்பெயரை மூன்று மொழியார் உரிமை கோருகின்றனர். அய்மாரா மொழியில் அது வெண்பள்ளத்தாக்கு என்பர் ஒரு சாரார். வெண்பனி சூழ்ந்த மலைக்கு ஏற்ற பொருள். கெச்சுவா மொழியிற் கற்காவலன் என்பர் மற்றொரு சாரார். மப்பூச்சே மக்களின் மொழியில் அப்புறத்திலிருந்து வருவது என்பது மூன்றாம் சாரார் கூற்று. அது மலையைவிட, அதே பெயருடைய ஆற்றுக்கு நன்கு பொருந்தும். மூன்று பொருளும் பொருந்துகின்றன என்பதே அங்குள்ள இடர். அவர்களுக்கு ஒரு மணிமேகலை கிடைக்கவில்லை. பழைய வடிவத்தைக் காட்டும் ஏடு இல்லாதவிடத்துச் செவி எதனையும் கேட்கும். நமக்கோ ஏடு இருக்கின்றது. எடுத்துப் பார்ப்போர்தாம் குறைவு.

மாணவனிடம் இவற்றையெல்லாம் இரண்டு மூன்று நாட்களாகக் கூறினேன். சுமனகூடம், சமனொள, சமனொளி, சிவனொளி, சிவனொளிபாதம் எனக் கரும்பலகையில் எழுதியபோது அவன் கையேட்டிற் படியெடுத்தான். "அப்படியானால் பெயரின் முற்பாதி அவர்களுடையது, ஒளி எங்களுடையது" என்றான். சமனும் நம் நிகண்டிலுள்ள சொல்லே, அதுவும் பாலியும் சிங்களமும் எடுத்த வடமொழியிலிருந்து வந்ததே, பங்கு பிரிப்பது அவ்வளவு எளிதன்று என்றேன். பின்னர், "உன் அப்பாயி மலையை எப்பெயரிட்டு அழைப்பார்?" என்று வினவினேன். அவன் சற்று நினைத்துப் பார்த்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைச்சரிவிலிருந்து பார்த்தால் உச்சி தெரியுமாம். காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்திசை நோக்கிக் கும்பிடுவாராம். சிவனொளிபாதம் என்று அவர் கூறி இவன் கேட்டதேயில்லை. சாமி மலை என்பாராம்.

மஸ்கெலியாப் பக்கத்திலே சாமிமலை என்று ஓர் ஊரே உண்டு. அதனை அவன் அறிவான். ஆனால் ஊர்ப்பெயருக்கும் அப்பாயியின் சொல்லுக்கும் உள்ள உறவை அன்றுதான் எண்ணினான். தோட்டத் தொழிலாளராக வந்தோர் ஏட்டையும் அறியார், யோகியரையும் அறியார். தம் கண்ணிற் பட்டதற்குத் தாமே பெயரிட்டனர். நம் இலக்கிய வட்டங்கள் இத்தகைய பெயர்களைத் திரட்டுவதிற் காட்டும் ஊக்கம் போதாது. மலையைச் சூழவுள்ள தோட்டந்தோறும் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப்பெயர் ஒன்றும் வாய்வழக்கில் உண்டு. அவற்றைச் சொல்லும் முதியோர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளல் வேண்டும். ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஒரு விடுமுறையிலே செய்து முடிக்கத்தக்க பணி இது.

மலையடியில் உள்ள நல்லதண்ணியைச் சான்றாகக் கூறலாம். வடக்குப் பாதையால் ஏறுவோர் யாவரும் அங்கிருந்தே புறப்படுகின்றனர். பெயரைக் கேட்டவுடன் பொருள் விளங்கும் தூய தமிழ். வழிநடைக் களைப்பிலே நீரருந்திய எவரோ இட்ட பெயர். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைப் பருவத்திலே கொழும்பிலிருந்து அங்கே செல்லும் பேருந்துகளின் நெற்றியில் அப்பெயர் மூன்று எழுத்திலும் காணப்படும். நடத்துநர் படியில் நின்று "நல்லதண்ணிய, நல்லதண்ணிய" என்று கூவுகின்றார். வெள்ளாடை தரித்த சிங்களக் குடும்பங்கள் பொதிகளோடு ஏறுகின்றன. நாம் சமனொளவுக்கு இறுதியில் ஓர் இகரம் சேர்த்தோம். அவர்கள் நல்லதண்ணிக்கு இறுதியில் ஒரு யகரம் சேர்த்துக்கொண்டனர்.